சோலைக்கு ஒரு சின்ன இலை

மலாக்கா ஊரின் காஜா பெராங் தெருவில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்தது அந்த மாடி வீடு. நாச்சியம்மை அதில் குடிவந்து ஒரு மாதம் ஓடிவிட்டது. ஆனால் கப்பலில் வந்த பெட்டிகள் மட்டும் கட்டிய கயிறு கட்டியபடியே கூடத்தில் கிடந்தன.

"அவிழ்க்கட்டுமா ஆத்தா?" என்று அவள் தினமும் அம்மாவைக் கேட்பாள்.

"எதுக்கு? மறுபடியும் கட்டணும்ல" என்பாள் அம்மா வடிவாம்பாள்.

அம்மாவை ஆத்தா என்றும் அப்பாவை அப்பச்சி என்றும் கூப்பிடுவது அவர்கள் செட்டிநாட்டு வழக்கம்.

வீடு என்னவோ நல்ல வீடுதான். குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டியது. ஜன்னலைத் திறந்தால், கீழே சைக்கிள் கடைக்காரர் ஒவ்வொரு மணியாக அடித்துப் பார்ப்பது கேட்டது. தெருப் பிள்ளைகள் "மெர்டேகா! மெர்டேகா!" என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். இன்னும் சில வாரங்களில் இந்த நாட்டுக்கு மெர்டேகா, அதாவது சுதந்திரம். ஊரே அந்த நாளுக்காகக் காத்திருந்தது.

ஆத்தா எதற்காகவும் காத்திருக்கவில்லை. அடுப்பையே பற்றவைக்கவில்லை. அப்பச்சி, தான் கணக்கு எழுதும் கடையிலிருந்து தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவருவார். ஆத்தா அதைப் பிசைவாள், பிசைந்துகொண்டே இருப்பாள். பிறகு கையைக் கழுவிவிடுவாள்.

ஏன் என்று நாச்சியம்மைக்குத் தெரியும். நாலு பேருக்குக் கப்பல் சீட்டு எடுத்தார்கள். ஏறியது மூன்று பேர். தம்பி சோலையப்பனுக்கு நாலு வயதுதான். பங்குனியில் வந்த காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது.

ஒருநாள் காலையில் அப்பச்சி சட்டையை மாட்டிக்கொண்டே, "ஒரு வாயாவது சாப்பிடு வடிவு" என்றார்.

"ஊர்ல வீட்டைப் பூட்டிட்டு வந்துட்டோமே" என்றாள் ஆத்தா. "பிள்ளை வந்து கதவைத் தட்டினா யாரு திறப்பா?"

அப்பச்சியின் விரல்கள் சட்டைப் பொத்தானிலேயே நின்றுவிட்டன. பிறகு மெல்லச் சொன்னார்: "இங்க உனக்கு மனசு ஒட்டலைன்னா, அடுத்த கப்பல்ல நீயும் நாச்சியும் ஊருக்குப் போயிடுங்க. நான் இருந்து சம்பாதிச்சு அனுப்புறேன்."

ஆத்தா வேண்டாம் என்று சொல்லவில்லை.

நாச்சியம்மை விரல்விட்டு எண்ணினாள். நாலு பேராக இருந்த வீடு மூன்று பேரானது. இனி அங்கே இரண்டு பேர், இங்கே ஒருவர் என்று ஆகிவிடுமா?

அதே மாடியில், படிக்கட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொரு வீடு இருந்தது. அதில் தேவதாஸ், அவர் மனைவி பாக்கியலட்சுமி, மகன் தம்பிராஜா மூவரும் இருந்தார்கள். அவர்கள் மலாக்காச் செட்டிகள். அவர்களுடைய முன்னோர்கள் எத்தனையோ தலைமுறைக்கு முன்பு கடல் தாண்டி வந்து இந்த ஊர்க்காரர்களாகவே ஆகிவிட்டார்கள். கும்பிடுவது நம் சாமிகளை. பேசுவது மலாய்.

இது ஆத்தாவுக்குத் தெரியாது. வந்த அன்றே ஆசையாக, "உங்களுக்குப் பூர்வீகம் எந்த ஊரு ஆச்சி?" என்று கேட்டாள். பாக்கியலட்சுமி சிரித்துவிட்டு மலாயில் ஏதோ சொன்னார்.

"நெத்தி நிறையத் திருநீறு. வாயில ஒரு தமிழ் வார்த்தை இல்லை! நம்மகிட்டப் பேசப் பிடிக்கலை போல" என்று ஆத்தா கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அப்பச்சி கப்பல் பேச்சை எடுத்த அன்று சாயங்காலம் நாச்சியம்மை வாசலுக்கு வந்தாள். எதிர்வீட்டுக்காரர்கள் மூவரும் தங்கள் வீட்டுக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். கதவு சாத்தியிருந்தது. குளித்து, நல்ல உடை உடுத்தி, யாரும் ஒரு வார்த்தை பேசாமல் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

'ஐயோ பாவம்! உள்ளே தாழ்ப்பாள் விழுந்துவிட்டது' என்று நினைத்தாள் நாச்சியம்மை.

இரண்டு வீட்டுக்கும் பின்பக்கம் துணி காயப்போடும் தாழ்வாரம் ஒன்றுதான். அவள் அந்த வழியாக ஓடினாள். எதிர்வீட்டுச் சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. ஏறினாள். பாவாடை கொக்கியில் மாட்டி 'சர்ர்' என்றது. உள்ளே ஒரு கவிழ்த்த வாளியின் மேல் குதித்தாள். அது உருண்டது. அவளும் உருண்டாள்.

எழுந்து கூடத்துக்குப் போனவள் அப்படியே நின்றாள்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தரையில் வாழை இலைகள் வரிசையாக விரித்திருந்தன. சோறு, குழம்பு, மீன் வறுவல். பக்கத்தில் மங்குஸ்தீன், ரம்புத்தான், மாம்பழம், பிளந்து வைத்த டுரியான். வீடு முழுக்க டுரியான் வாசம். ஆனால் ஒரு இலைக்கு முன்னாலும் ஆள் இல்லை. கடைசியில், நுனி இலையில் கிள்ளியது போல ஒரு சின்ன இலை. அதில் உரித்த ரம்புத்தான் இரண்டும் ஒரு குட்டித் தம்ளரில் பாலும் இருந்தன.

நாச்சியம்மை ஓடிப்போய் வாசல் கதவை அகலத் திறந்தாள்.

"வாங்க, திறந்துட்டேன்!"

பாக்கியலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டார். தம்பிராஜா களுக்கென்று சிரித்து, அம்மாவிடம் ஒரு கிள்ளு வாங்கிக்கொண்டான்.

தேவதாஸ் துறைமுகத்தில் தமிழர்களோடு வேலை பார்த்தவர். அவருக்குக் கொஞ்சம் உடைந்த தமிழ் வரும். "பிள்ளை, உள்ளே ஆளு சாப்பிடுது" என்றார்.

"உள்ளே யாருமே இல்லையே மாமா!"

"ஆமா, இல்லை. அதான் சாப்பிடுது. செத்துப்போன எங்க ஆளு. வருஷம் வருஷம், பழம் காய்க்கிற மாசம், கூப்பிட்டுப் படைக்கிறோம். நாம நின்னா அவங்களுக்குக் கூச்சம். கதவு சாத்தி, வெளியே நிக்கிறோம்."

நாச்சியம்மையின் முகம் சிவந்துவிட்டது. "நான் வந்து அவங்களைப் பாதியில எழுப்பிட்டேனா?"

"தாப்பா, தாப்பா" என்று அவர் தலையைத் தடவினார். பரவாயில்லை என்று அதற்கு அர்த்தம். "டுரியான் இருக்கு. அதை விட்டு யாரும் எழுந்திரிக்க மாட்டாங்க!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "அந்தச் சின்ன இலை யாருக்கு மாமா?"

தேவதாஸ் மனைவியைப் பார்த்தார். "தம்பிராஜா தங்கச்சி" என்றார். அதற்கு மேல் தமிழ் அவருக்கு வரவில்லை.

நாச்சியம்மை அந்தச் சின்ன இலையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பாக்கியலட்சுமியின் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க. எங்க ஆத்தாகிட்ட வாங்க."

ஆத்தா வழக்கம்போல் பெட்டிமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டு அம்மாளைக் கண்டதும் எழுந்தாள்.

"ஆத்தா, அவங்க வீட்ல இறந்தவங்களுக்குப் படையல் போட்டிருக்காங்க. சின்னப் பிள்ளைக்கும் ஒரு இலை இருக்கு. நாமளும் சோலைக்குப் போடுவோம்."

"சின்னப் பிள்ளைக்கெல்லாம் நம்ம பக்கம் படைக்கிறதில்லைடி. பெரியவங்களுக்குத்தான்." ஆத்தா கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். "அதுவும் இங்க வச்சு? அவனுக்கு இந்த வீடு எப்படித் தெரியும்?"

"அவன் என்னைக்கு வீட்டைத் தேடினான் ஆத்தா? வெளிய விளையாடிட்டு வந்தா, 'ஆத்தா எங்கே, ஆத்தா எங்கே'ன்னுதானே தேடுவான்? நீங்க இருக்கிற இடத்துக்கு வருவான்."



பாக்கியலட்சுமிக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. ஆனாலும் அவர் ஓர் அடி முன்னால் வந்தார். குனிந்து, தன் முழங்கால் உயரத்தில் உள்ளங்கையைத் தரைக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். பிறகு அந்தக் கையை மார்பில் வைத்துக்கொண்டார்.

ஆத்தா அவரையே வெகுநேரம் பார்த்தாள். மெதுவாகத் தன் கையை நீட்டி, இடுப்புக்குக் கொஞ்சம் கீழே பிடித்தாள்.

"சோலை" என்றாள். ஊரை விட்ட பிறகு அந்தப் பெயரை அவள் சத்தமாகச் சொன்னது அன்றுதான்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஒருவர் தமிழில், ஒருவர் மலாயில். நாச்சியம்மைக்கு எல்லாமே புரிந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆத்தா முதலில் சொன்னது இதுதான்: "நாச்சி, அந்தப் பெரிய பெட்டியை அவிழ். உள்ளே கும்மாய மாவு இருக்கும்."

பருப்பு மாவை நெய்யில் வறுத்து, கருப்பட்டி சேர்த்துக் கிண்டும் கும்மாயம் என்றால் சோலைக்கு உயிர். மாவு பத்திரமாக இருந்தது. ஆனால் அதோடு கட்டிவைத்த கருப்பட்டி கசிந்து, காகிதம் மட்டும் மிச்சம் இருந்தது. நாச்சியம்மை அந்தக் காகிதத்தைக் காட்டினாள். பாக்கியலட்சுமி முகர்ந்து பார்த்துவிட்டு விறுவிறுவென்று போனார். உருளை உருளையாய்க் கறுத்த மலாக்காத் தென்னை வெல்லத்தோடு வந்தார்.

அடுப்பு முதலில் முரண்டு பிடித்தது. புகை மட்டும் தாராளமாக வந்தது. பிறகு பிடித்துக்கொண்டது. நெய்யில் வறுபட்ட மாவின் வாசம் படியிறங்கித் தெருவுக்குப் போனது. தூக்குச்சட்டியோடு வந்த அப்பச்சி பாதிப் படியில் நின்று, தப்பான வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று அண்ணாந்து பார்த்தார்.

கூடத்தில் சின்ன இலை போட்டாயிற்று. ஆத்தா அதில் கும்மாயத்தை வைத்து, விளக்கேற்றி, "சோலை, வாப்பா" என்று கூப்பிட்டாள். எல்லாரும் வெளியே வந்தார்கள். ஆத்தாவே கதவைச் சாத்தினாள். பூட்டவில்லை.

எல்லாரும் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். எதிர்வீட்டுக்காரர்களும்தான்.  பிறகு ஆத்தா, "ஒருநாள் கும்மாயத்தைச் சட்டைப்பைக்குள்ள ஒளிச்சு வச்சான்" என்று ஆரம்பித்தாள். "அப்புறம் பார்த்தா, கோயில்ல தீபாராதனை நேரம், ஐயா குதிக்கிறாரு! சட்டைக்குள்ள பூரா எறும்பு. சாமி வந்துருச்சுன்னு பூசாரி திருநீறு பூசிவிட்டாரு."

அப்பச்சி சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார். தேவதாஸ் அதை மலாயில் சொன்னதும் தம்பிராஜா விழுந்து விழுந்து சிரித்தான். ஆத்தா இன்னொன்று சொன்னாள். அதற்குப் பிறகு இன்னொன்று.

தெருவில் விளக்குகள் எரிய ஆரம்பித்தன. தம்பிராஜாவின் வயிறு எல்லாருக்கும் கேட்கும்படி கத்தியது.

"போதும்ல வடிவு?" என்று எழுந்தார் அப்பச்சி. "திறக்கலாமா?"

ஆத்தா அவர் கையைப் பிடித்து மறுபடியும் உட்காரவைத்தாள்.

"கொஞ்சம் இருங்க. அவசரப்படுத்தாதீங்க. என் பிள்ளை மெதுவாத்தான் சாப்பிடுவான்."