எதிர்க் கட்டில்

எதிர்க் கட்டிலில் போர்வை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதில் படுத்திருக்க வேண்டிய லாரி டிரைவரோ குளியலறையில் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

குடியை விட அந்த வார்டில் சேர்ந்திருந்த தையல்காரர் பதறிப்போய் சிஸ்டரைக் கூப்பிட்டார். சிஸ்டர் அவருடைய நாடி பார்த்து, நீட்டிய விரல்களின் நடுக்கத்தைக் கவனித்து, அட்டையில் குறித்துக்கொண்டார்.

“இன்னிக்கு மூணாவது நாளில்ல? இத்தனை வருஷமா குடி உங்க மூளையை அமுக்கி வச்சிருந்துச்சு. திடீர்னு விட்டதும் அது துள்ளுது. இல்லாததெல்லாம் தெரியும். சிலருக்கு வலிப்பும் வரும். அதை அடக்கத்தான் இந்த மாத்திரை. எது தெரிஞ்சாலும் பெல் அடிங்க.”

“அடிச்சா?”

“மாத்திரையைக் கூட்டுவோம். ரெண்டு நாள் கூட இருக்கணும், அவ்வளவுதான்.”

ரெண்டு நாளா! வெள்ளிக்கிழமை மனைவி அழைத்துப் போக வருவாள். ஏற்கெனவே இரண்டு தடவை சிகிச்சையைப் பாதியில் விட்டு ஓடியவர் அவர். நாள் தள்ளிப்போனால் பழைய குருடி கதைதான் என்று கைகழுவிவிடுவாள். இனி வாயே திறப்பதில்லை. கண்ணை மூடி ஐம்பது வரை எண்ணினால் போதும்.

எண்ணினார். சுவரில் ஊர்ந்த நூல்கள் மறைந்தன. தலையணைக்குள் ஓடிய தையல் மிஷினும் நின்றது.

பிற்பகலில், பினாயில் வாடையும் புளித்த வேர்வையும் கலந்து நின்ற அந்த அறையில், மின்விசிறி கரகரத்துச் சுற்ற, ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் மெல்ல நீண்டுகொண்டிருக்க, நனைந்த பனியனோடு கிடந்த தையல்காரர், எதிர்க் கட்டிலின் இரும்புக்கால் தரையைத் தட்டுவதைக் கேட்டார்.

டக். டக். டக்டக்டக்.

டிரைவரின் உடம்பு வில்லாக வளைந்திருந்தது. வாயோரம் நுரை. முகம் நீலம். ஒரு கை மட்டும் விறைத்து இவர் பக்கம் நீண்டிருந்தது.

இது நிஜமில்லை.

கண்ணை மூடினார். ஒன்று. இரண்டு. இருபதில் தொண்டைக்குள் ஏதோ கொப்பளித்தது. நாற்பத்தொன்றில் சத்தம் நின்றது. ஐம்பது. திறந்தார்.

கை அப்படியே.

மறுபடி எண்ணினார். மறுபடியும்.

செருப்புச் சத்தம். யாரோ ஓடினார்கள். யாரோ கத்தினார்கள். பிறகு அமைதி. வெள்ளைத் துணி.

“நீங்க முழிச்சுத்தானே இருந்தீங்க?” சிஸ்டரின் குரல் உடைந்திருந்தது. “பார்க்கலையா?”

“தூங்கிட்டேன் சிஸ்டர்.”

வெள்ளிக்கிழமை நடுக்கமில்லை, வேர்வையில்லை. டாக்டர் கண்களில் விளக்கடித்துப் பார்த்தார். “தெளிஞ்சிட்டீங்க. ஆசையைக் குறைக்க ஒரு மாத்திரை தர்றேன், விடாம போடுங்க. இப்ப ஏதாவது தெரியுதா?”

“ஒண்ணுமில்ல டாக்டர்.” அது உண்மை.

மனைவி பையைத் தூக்கிக்கொண்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு. இருவரும் லிப்டில் ஏறினார்கள். கதவு மூடப் போன நேரத்தில் அவள் அவசரமாகப் பொத்தானை அழுத்தினாள்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பாவம், வார்டுலேர்ந்து உங்களைப் பார்த்துக் கையை நீட்டிக்கிட்டே வர்றாரு. தெரிஞ்சவரா?”

கதவு திறந்தது. வராந்தாவில் யாருமில்லை.

“வாங்கண்ணே,” என்று மனைவி ஓரமாக ஒதுங்கினாள்.

ஓர் ஆள் ஏறிய கனத்தில் லிப்ட் லேசாகத் தாழ்ந்தது.