கொன்ஸ்ரன்ஸின் வானில் கள்ளப் பில்டர்

புதன், காலை 9.10.

கொட்டாஞ்சேனையில் பிறெடியின் கராஜுக்குள் கொன்ஸ்ரன்ஸின் டீசல் வான் செத்துப்போய் நின்றது. திங்கட்கிழமை அவள் ஹெந்தளையிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி வரும் வழியில் எஞ்சின் ஒரேயடியாய் இறுகிவிட்டது. இதே கராஜில் சர்விஸ் செய்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

வானுக்குக் கீழே குனிந்து பார்த்த இராஜநாயகத்தின் இரண்டு முழங்காலும் முறையிட்டன. அறுபத்தொரு வயது. ஒயில் பில்டர் இறக்குமதி செய்யும் கொம்பனி ஒன்றுக்குப் பழுது பார்த்து அறிக்கை எழுதுவது அவர் வேலை. இந்த மாதம் இது ஐந்தாவது எஞ்சின். போகிற இடமெல்லாம் யாராவது அழுவார்கள். அவருக்கு அலுத்துப்போய்விட்டது.

இன்று அழப்போகிறவர் யாரென்று தெரிந்தே வந்திருந்தார். புவாத், புறக்கோட்டையில் பாகங்கள் விற்கும் கடைக்காரர், வாசலில் வாங்கில் குந்தியிருந்தார். சர்விஸுக்குப் பிறெடி பில்டர் வாங்கியது அவர் கடையில். அது கள்ளச் சாமான், போலி என்று நாலு மணிக்குள் அறிக்கை போனால், கொம்பனி கொடுத்த இருபது வருட ஏஜென்சி பறிபோகும், பொலிஸும் வரும்.

"நான் குடுத்தது நல்ல சாமான், சேர். எனக்கிட்டக் கள்ளச் சாமான் இல்ல," என்றார் புவாத்.

எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். இராஜநாயகம் கொப்பியைத் திறந்தார்.

"என்ன நடந்தது, கொன்ஸ்ரன்ஸ்?"

"சிவப்பு லைட் பத்தினது, சேர். ஓரங்கட்டுறதுக்குள்ள கிறீச்செண்டு நிண்டுட்டுது."

"பிறகு?"

"பிறெடி அண்ணைதான் கட்டியிழுத்துக்கொண்டு வந்தவர். பத்து மணிக்கு இஞ்ச விட்டம்."

"வேற ஆரும் தொட்டதா?"

"இல்லை."

பிறெடி குறுக்கே வந்தார். முப்பது வருட மெக்கானிக், கை சுத்தம் என்று கொட்டாஞ்சேனை முழுக்கப் பெயர். "உள்ளுக்குக் கடதாசி கிழிஞ்சு ஒயில் பாதைய அடைச்சிருக்கும், சேர். நான் எத்தின கண்டிருக்கிறன்."

சுவர்த் தட்டைக் காட்டினார். வாடிக்கையாளருக்கு விளங்கப்படுத்த அவர் பில்டர்களை அறுத்து அடுக்கி வைத்திருந்தார். நல்லதில் கடதாசி மடிப்புகள் நெருக்கமாய், இரும்பு மூடியோடு, மெத்தென்ற றப்பர் வால்வோடு இருந்தன. கள்ளத்தில் மடிப்புகள் பாதி, மூடி வெறும் மட்டை, றப்பர் காய்ந்த தோல். வெளியே இரண்டுக்கும் ஒரே நிறம், ஒரே எழுத்து. அறுத்த கள்ளப் பில்டருக்குப் பக்கத்தில் தூசிக்கு நடுவே வட்டமாய் ஒரு சுத்தமான இடம் இருந்தது.

காலை 10.05.

இராஜநாயகம் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். குறுக்குச் சட்டமெல்லாம் கறுத்த ஒயில் வழிந்திருந்தது. பில்டர் மட்டும் துடைத்துவைத்த மாதிரிக் காய்ந்திருந்தது. ஒயில் தேங்கும் அடிச் சட்டியின் ஆணியைக் கழற்றினார். ஒரு கோப்பைக் கறுப்பு ஒயில்தான் வந்தது, வெள்ளித்தூள் மாதிரி இரும்புத் துகள் மின்ன மின்ன.

பில்டரைத் தன் கையாலேயே கழற்றி வெள்ளைப் பேசினில் கவிழ்த்தார். தேன் நிறத்தில் ஒயில் ஊற்றியது. பிறெடி பக்கத்தில் நின்று பேசினுக்குள் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

இரும்பறுக்கும் வாளால் பில்டரை அறுத்தார்கள். மட்டை மூடி. பாதி மடிப்பு. கள்ளப் பில்டர்தான், சந்தேகமே இல்லை. ஆனால் கடதாசி எங்கும் கிழியவில்லை. மடிப்புகளை ஒவ்வொன்றாய் விரித்தார்; ஒரு துகள்கூட இல்லை.

புவாத் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பிறெடி பெருமூச்சு விட்டார். "நான் அப்பவே சொன்னன்."

காலை 11.30.

இராஜநாயகம் பிளேன்ரீ குடித்தபடி சும்மா இருந்தார். களைத்த மனுசன் சும்மா இருந்தால் யாரும் கவனிப்பதில்லை. முன்னால் இரண்டு கார்களுக்குச் சர்விஸ் நடந்தது. பிறெடியின் ஆள் அனுஜன் புதுப் பில்டரை எடுத்து வெறுமனே திருகப் போனான்.

"எத்தின தரமடா சொல்ற?" என்றார் பிறெடி. "வெறும் பில்டரப் பூட்டாத."

அவர் தான் சர்விஸ் செய்த காரின் பில்டரை எடுத்து, அதன் றப்பர் வளையத்தில் விரலால் ஒயில் பூசி, வாய்வரை புது ஒயில் ஊற்றி, கையால் மட்டும் திருகினார். திருகும் இடத்தைக் கண்ணால் பார்க்கவில்லை, விரலால் தேடினார்.

"திங்கட்கிழமை நீ எங்க நிண்டனி, அனுஜன்?" என்று கேட்டார் இராஜநாயகம்.

"ஒருகொடவத்தைக்குக் கியர்பொக்ஸ் எடுக்கப் போனனான், சேர். பின்னேரம்தான் வந்தனான்."

இராஜநாயகம் எல்லாரையும் வானடிக்குக் கூப்பிட்டார். அவருக்கு இதைச் சொல்ல விருப்பமே இல்லை.

"பில்டர் கள்ளம்தான். ஆனா இந்த எஞ்சினைச் சாகடிச்சது இதில்லை. இது ஓடின எஞ்சினில இருந்ததே இல்லை."

"என்ன சேர் கதைக்கிறீங்க?" என்றார் பிறெடி.

"எஞ்சின் தேஞ்ச துகள் சட்டியில கிடக்குது. எந்தக் கேடுகெட்ட பில்டரிலயும் கொஞ்சமாவது பிடிபட்டிருக்கும். இதில ஒண்டுமில்லை. மற்றது, டீசல் எஞ்சினில புது ஒயில் ஓடத் தொடங்கின கையோட கறுத்திடும். இதுக்குள்ள தேன் நிறம். எஞ்சின் செத்த பிறகுதான் பூட்டியிருக்கு."

இராஜநாயகம் பேசினை எல்லாருக்கும் தெரிய முன்னால் தள்ளினார்.

"செத்த எஞ்சினுக்குப் பூட்டுறவன் ஏன் பில்டருக்கு ஒயில் நிரப்புறான்? ஒரு தேவையும் இல்லை. முப்பது வருசம் அப்பிடியே பூட்டின கை, வெறுமனே பூட்ட மாட்டன் எண்டிருக்கு. தட்டில இருந்த அறுக்காத கள்ளப் பில்டர் எங்க, பிறெடி?"

பிறெடி கராஜ் நிலத்திலேயே குந்திவிட்டார்.

"பேசினில ஒயிலின்ர நிறத்தைக் கண்டிருந்தா நீங்க அப்பவே ஏதும் சொல்லிச் சமாளிச்சிருப்பீங்க," என்றார் இராஜநாயகம் மெதுவாய். "கண் தெரியேல்ல, என்ன?"

"பழைய பில்டரின்ர றப்பர் வளையம் எஞ்சினோட ஒட்டிக்கொண்டு நிண்டிருக்கு," என்றார் பிறெடி. "நான் காணேல்ல. அதுக்கு மேலயே புதுசப் பூட்டிட்டன். பன்னிரண்டு நாள் தாங்கி, றோட்டில ஒயில் முழுக்கப் பீச்சிட்டுது. கட்டியிழுத்துக் கொண்டந்து கழட்டினா, ரெண்டு வளையம். தட்டில கிடந்த கள்ளத்தப் பூட்டிப் பழிய அதில போட்டன். கண் போன மெக்கானிக்கிட்ட ஆர் சேர் வாகனம் விடுவான்?"

கொன்ஸ்ரன்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

புவாத் எழுந்து வந்து பிறெடிக்கு முன்னால் நின்றார். "கண் தெரியாதவன் எண்டு சொல்லுவாங்க எண்டு பயந்தீங்க. என்னக் கள்ளன் எண்டு சொல்லுவாங்களே, அதுக்குப் பயப்படல்லயா?"

பிறெடி ஒயில் பட்ட கையால் கண்ணைப் பொத்திக்கொண்டார்.

பிற்பகல் 1.20.

இராஜநாயகம் அறிக்கையை எழுதி முடித்து, கொம்பனிக்கு அனுப்புமுன் புவாத்திடம் வாசிக்கக் கொடுத்தார். விற்பனையாளர்மேல் குற்றம் இல்லை என்று தெளிவாய் எழுதியிருந்தது. புவாத் இரண்டு தரம் வாசித்தார்.

"எழுத்துல சரி, சேர். கட தப்பிட்டு. ஆனா ரெண்டு நாளா புறக்கோட்டை முழுக்க எனக்குக் கள்ளன் எண்டுதான் பேர். ஒவ்வொரு கடையா ஏறி இறங்கிச் சொன்னது ஆரெண்டு தெரியுமா? பிறெடிதான். இத நான் ஒவ்வொரு கடையா வாசிச்சுக் காட்டுறதா?"

இராஜநாயகம் பேனையை மூடினார். பிறகு நிலத்தில் இருந்த பிறெடியிடம் போய் அறிக்கையின் பிரதி ஒன்றை நீட்டினார்.

"எழும்புங்க. அந்தக் கடையள் எல்லாத்துக்கும் நீங்களே போய்ச் சொல்லுங்க. எழுத்து கண்ணுக்குத் தெரியாட்டி அனுஜன் வாசிப்பான்."