வேப்பம்பட்டுக் கதவு

ஆவடியில் பட்டாளத்து முகாம் எழும்பிக்கொண்டிருந்த வருஷம். அதிகாரிகளின் பங்களாக்கள் சிலவற்றில் ஒரு புது ஆசை பிறந்திருந்தது. இடித்த வீடுகளின் பழங்கதவுகளை வாங்கி, சாயம் பூசாமல், தழும்பு தெரிய மேசையாகவும் அலமாரியாகவும் செய்து கூடத்தில் போட்டுக்கொள்வார்கள். மண்ணூர்பேட்டைத் தச்சன் செங்கல்வராயனுக்கு அதனால் ஓயாத வேலை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மாட்டுவண்டியில் அந்தக் கதவு வந்து இறங்கியது. ஒற்றைக் கதவு. தேக்கு. நாலு பேர் சேர்ந்து தூக்கவேண்டிய கனம். வெளிப்பக்கம் முழுக்க அரிவாள் வெட்டுகள்.

கொண்டுவந்தவன் துலுக்கானம், செங்கல்வராயன் மனைவி குப்பம்மாவின் தம்பி. பட்டறையில் கூட வேலை செய்கிறவன்.

"வேப்பம்பட்டுல இடிச்ச ஊடு மாமே. கொள்ளக்காரனுங்க வந்த அன்னிக்கு தம்பிக்காரன் வெளிய மாட்டிக்கினான். அண்ணங்காரன் உள்ள தாப்பா போட்டுக்கினு தொறக்கவே இல்லியாம். இந்தக் கதவு மேலயே வெச்சி வெட்டிப் போட்டானுங்க."

மேசைக்குச் சொல்லிவைத்திருந்த ஞானகுமாரி டீச்சர் அன்று மத்தியானமே அம்பத்தூரிலிருந்து வந்து பார்த்தாள். "இந்த வெட்டுகளையெல்லாம் இழைச்சு எடுத்துடாதீங்க. அதுதான் அழகு" என்று தழும்புகளில் விரலை ஓட்டியவள், விரலை முகர்ந்து முகம் சுளித்தாள். "என்னங்க இது, கசாப்புக் கடை வாடை?"

"மழையில ஊறுன மரம் டீச்சரம்மா. காஞ்சா போயிடும்."

மறுநாள் உச்சிவேளை. வெட்டுப்பட்ட பக்கம் மேலே இருக்கும்படி கதவைக் கிடத்தி, நாலு கால்களையும் பொருத்தியாகிவிட்டது. செங்கல்வராயன் அடியில் மல்லாந்து படுத்து ஆப்பு இறக்கிக்கொண்டிருந்தான். துலுக்கானம் மேலே குனிந்து மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தான்.

தட். தட். தட்.

உள்ளங்கையால் அறைகிற சத்தம்.

"இன்னாடா மச்சான் வெளையாட்டு?"

"நா இல்ல மாமே." துலுக்கானத்தின் குரல் இறங்கிப்போயிருந்தது. "மரத்தூளு தானா குதிக்குது."

பிறகு, பலகைக்கு அந்தப் பக்கம் யாரோ வாயை ஒட்டவைத்துப் பேசியது போல ஒரு கெஞ்சல்.

"அண்ணே... தொறண்ணே..."

செங்கல்வராயன் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தான்.

விறகு பிளக்கிற சத்தம் கேட்டது.

துலுக்கானம் அலறினான். பலகை இடுக்கு வழியாகச் சூடாக ஏதோ செங்கல்வராயனின் நெற்றியில் சொட்டியது. கண்ணில் வழிந்தது. துடைத்தால் கையெல்லாம் ரத்தம்.

உருண்டு வெளியே வந்தான். பளீரென்ற வெயில். சுற்றிலும் ஒரு ஆள் இல்லை. துலுக்கானம் மேசைமேல் குப்புற அழுந்திக் கிடந்தான். யாரோ பிடரியைப் பிடித்து அழுத்துவது போலிருந்தது. வலது கை முழங்கைக்குக் கீழே தோலில் தொங்கியது.

அடுத்த வெட்டு தோளில். எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

வெட்டுக்கு வெட்டு நடுவில் மரம் கெஞ்சியது.

"தொறண்ணே..."

செங்கல்வராயன் கடப்பாரையைத் தூக்கினான். யாரை அடிப்பது? கீழே போட்டான். செத்த தம்பி திறக்கச் சொல்கிறான்; திறந்தால்தான் வெட்டு நிற்கும். ஆனால் மேசையை எப்படித் திறப்பது?

அடியில் தோளைக் கொடுத்து நெம்பினான். துலுக்கானம் சரிந்து மண்ணில் விழுந்தான். மேசைக் கால்கள் முறிந்து தெறித்தன. நாலு ஆள் கனத்தைத் தனியொருவனாக நிமிர்த்தி, தூணில் சார்த்தி, உள்பக்கமாகப் போய் நின்று, விளிம்பைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தான்.

"தொறந்துட்டேன்டா! வா! உள்ள வா!"

வெட்டு நின்றது.

ஈரமான ஒரு தோள் அவன் மார்பை உரசிக்கொண்டு கடந்தது. பட்டறைக்குப் பின்னால்தான் செங்கல்வராயனின் வீடு. அந்தப் பக்கம்தான் போனது.

துலுக்கானம் உயிர் பிழைத்தான், கை போயிற்று. ரம்பம் தவறிவிட்டதென்று ஆஸ்பத்திரியில் இருவரும் சொல்லிவைத்தார்கள். கதவைத் துண்டு துண்டாக்கி எரித்தான் செங்கல்வராயன். பலகை பிளந்துபோயிற்று என்று டீச்சரிடம் ஒரு பொய். அதன்பிறகு பழைய மரத்தைத் தொடவில்லை. ஆனாலும் மனசின் ஓரத்தில் ஒரு ஆறுதல் இருந்தது. "பாவம், உள்ள வரணும்னுதானே கெஞ்சிக்கினு இருந்தான்" என்று குப்பம்மாவிடம் சொல்வான்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் பகல் சாப்பாட்டுக்கு வந்தவன், வீடு உள்ளே தாழிட்டிருப்பதைக் கண்டான். தட்டினான்.

"குப்பம்மா! கதவத் தொற."

"இன்னாய்யா கத்துற?"

குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு குப்பம்மா நின்றாள்.

"நா இங்க கீறேன். ஊட்ல யாருமில்லியே. தொறந்து வெச்சிட்டுத்தானே கெணத்துக்குப் போனேன்?"

செங்கல்வராயன் கதவைத் தள்ளினான். அந்தப் பக்கம் யாரோ முதுகைக் கொடுத்துச் சாய்ந்தார்கள். பலகை மெல்ல முனகியது.

அப்புறம், மேல் தாழ்ப்பாளும் விழுந்தது.