சாட்சி மடக்கிய கை

"என் தம்பி அப்பீலே வேண்டாம்ங்கறான் மேடம். செய்யாத கொலைக்கு ஆயுசு முழுக்க உள்ளேயே கிடக்கறேன்னு சொல்றான். அவனுக்குப் பித்துப் பிடிச்சிருக்கா, இல்ல எனக்கா?"

வந்தவர் பஸ் கண்டக்டர். யூனிஃபார்மைக்கூட மாற்றாமல், டிக்கெட் பையோடு வந்திருந்தார். தாமதமானதற்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். கணவருக்குத் தலை வாரி, சட்டைப் பொத்தான் போட்டுவிட்ட பிறகுதான் அவரால் வீட்டை விட்டுக் கிளம்ப முடியுமாம்.

"கொடுத்து வெச்ச மனுஷன்!" என்றார் குமாஸ்தா. ஐம்பது வயதாகியும் அவருக்கு வாயில் பூட்டு கிடையாது. கொலை வழக்கு என்றால் பசி, தூக்கம் எதுவும் தெரியாது.

வக்கீலம்மா சிரிக்கவில்லை. இருபது வருடமாக மேல்கோர்ட்டில் மட்டும் வாதாடுகிறவர் அவர். கீழ்கோர்ட் சாட்சியைக் கண்ணால் பார்க்கும். மேல்கோர்ட் சாட்சி சொன்னதைத் தாளில் படிக்கும். அங்கே ஒருவர் நெஞ்சு வெடித்து அழுதிருப்பார், இங்கே வந்து சேரும்போது அது ஒரு வரியாக இருக்கும். அந்த ஒரு வரியும் இல்லையென்றால், அவர் அழவே இல்லை என்றுதான் அர்த்தம். என்ன நியாயமோ! ஆனால் வக்கீலம்மா அந்தத் தாள்களை வைத்தே பலரை வெளியே கொண்டுவந்திருக்கிறார்.

"எப்போ மனசு மாறினார்?"

"எதிர்வீட்டு அம்மா சாட்சி சொன்ன அன்னிக்கு. அதுவரைக்கும் 'வந்துருவேன்க்கா'ன்னு சிரிச்சுட்டே இருந்தான். அந்தம்மா பேசி முடிச்சதும் இவன் தன்னோட வக்கீலைக் கூண்டுக்கிட்ட கூப்பிட்டு என்னமோ சொன்னான். அவர் 'கேள்வி இல்லை'ன்னுட்டு உக்காந்துட்டார். அதுக்கப்புறம் இவன் வாயே திறக்கலை."

குமாஸ்தா வழக்குக் காகிதக் கட்டைப் பிரித்தார். அச்சக முதலாளி மண்டையில் அடிபட்டுச் செத்திருந்தார். தம்பி அங்கே வேலை பார்த்தவன். கூட வேலை செய்த ஒருவருக்கு இயந்திரத்தில் அடிபட்டபோது, நியாயம் கேட்டு முதலாளியோடு சண்டை போட்டிருக்கிறான். ரத்தம் பட்ட மழைக்கோட்டு அவனுடையது. வீட்டு ஆணியில் தொங்கியது. போலீசுக்கு அதுவே போதுமாக இருந்தது.

"சாட்சியை வாசிங்க" என்றார் வக்கீலம்மா.

குமாஸ்தா தொண்டையைச் செருமினார். "'மழைக்கோட்டுப் போட்டு, தலையை மூடிய ஓர் ஆள் அச்சகத்திலிருந்து வந்தான். முகம் தெரியவில்லை. கதவை இழுத்துச் சாத்தினான்.' 'கைகளை எப்படி வைத்திருந்தான்?' 'இப்படி.'" நிமிர்ந்தார். "இப்படின்னா எப்படி? எழுதவே இல்லையே!"

"சாட்சி சைகை காட்டினா, யாராவது ஒரு வக்கீல் அதை வாய்விட்டுச் சொல்லணும். சொன்னாத்தான் டைப் ஆகும். அன்னிக்கு எல்லாரும் கண்ணால பார்த்துட்டாங்க. பார்த்ததாலேயே சொல்ல மறந்துட்டாங்க."

"ஆனா தீர்ப்புல இருக்கே மேடம்! 'ஆயுதத்தைக் கோட்டுக்குள் மறைத்துக் கையை மடக்கிக்கொண்டு போனான்.' போச்சு. நேர்ல பார்த்த ஜட்ஜ் சொல்லிட்டார்னா மேல்கோர்ட் அதுல கை வைக்காது."

"ஆயுதம் எங்க கிடைச்சுது?"

குமாஸ்தா பரபரவென்று புரட்டினார். "இரும்புக் கம்பி... அச்சகத்துக்குள்ள, மெஷினுக்கு அடியில." அவர் குரல் இறங்கியது. "அப்போ கோட்டுக்குள்ள எதை மறைச்சான்?"

வக்கீலம்மா கண்டக்டரிடம் திரும்பினார். "நீங்க அன்னிக்குக் கோர்ட்ல இருந்தீங்க. அந்தம்மா செஞ்சதைச் செஞ்சு காட்டுங்க. இவரைக் கதவுன்னு வெச்சுக்கோங்க."

குமாஸ்தா விறைப்பாக நின்றார். கண்டக்டர் பையைக் கீழே வைத்தார். வலது முழங்கையை விலாவோடு ஒட்டி, கையை மார்பின் குறுக்கே மடக்கினார். உடம்பை ஒரு பக்கமாகத் திருப்பி, இடது கையால் மட்டும் குமாஸ்தாவின் தோளைப் பிடித்து இழுத்தார்.

"ஒன்னும் இல்லாத கையை எதுக்கு மடக்கணும்? ரெண்டு கையாலயும் இழுக்க வேண்டியதுதானே!" என்று கதவு கேட்டது.

கண்டக்டர் தன் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றார். மடக்கிய கையைக் கீழே இறக்க அவரால் முடியவில்லை.

"மெஷின்ல அடிபட்டவர் உங்க வீட்டுக்காரர்தானே?" என்று வக்கீலம்மா மெதுவாகக் கேட்டார்.

"தோள்பட்டை நொறுங்கிப் போச்சு. தூக்கவே முடியாது. அதனாலதான் போலீஸ்கூட அவரைக் கேக்கலை... வீட்டுக் கதவை அவர் இப்படித்தான் சாத்துவார்." கண்டக்டர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "தினமும் பார்க்கறேனே! கோர்ட்ல என் கண்ணு முன்னாடி காட்டினாங்களே! எனக்குத் தெரியாமப் போச்சே!"

"தம்பிக்குத் தெரிஞ்சுது. ஒரே வீட்டுல இருந்தவர். மழைக்கோட்டை யார் வேணா எடுக்கலாம். கேள்வி கேட்டா 'எந்தக் கை'ன்னு வெளிய வந்துடும்னு வக்கீலை உக்கார வெச்சார். அப்பீல் போனாலும் அதே பயம். கம்பி உள்ள இருந்ததையும் தீர்ப்பையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா, மேல்கோர்ட் கேஸைக் கீழ்கோர்ட்டுக்கே திருப்பி அனுப்பும். அந்தம்மா மறுபடியும் கூண்டுல ஏறுவாங்க. இந்தத் தடவை அந்தக் கை தாள்ல ஏறிடும்."

"தம்பி வந்துருவானா?"

"வருவார்னு நம்பறேன். ஆனா அது உங்க வீட்டுல இன்னொருத்தரைக் கூட்டிட்டுப் போயிடும்." வக்கீலம்மா காகிதக் கட்டை மூடி வைத்தார். "அப்பீல் தம்பியோடது. அவர் வேண்டாம்னா நான் போட முடியாது. நீங்க சொன்னா மட்டும்தான் கேப்பார்."

குமாஸ்தா முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு, ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார். அதை யாரும் தொடவில்லை.

மறுநாள் சிறையின் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் தம்பி வந்து நின்றான். அக்காவின் வீங்கிய கண்களைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"யாருக்கா சொன்னாங்க?"

"யாரும் சொல்லலை. நானே கையை மடக்கிக் காட்டினேன்டா. ராத்திரி அவரைக் கேட்டேன். நியாயம் கேக்கப் போனாராம். 'நொண்டிக் கைக்கு இங்க வேலை இல்லை'ன்னு அந்த ஆள் சிரிச்சானாம். இடது கைக்கு எட்டின கம்பியை எடுத்து அடிச்சுட்டாராம். சொல்லிட்டு அழுதார். உன் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதார். ஆனா 'நான் ஜெயிலுக்குப் போறேன்'னு மட்டும் அவருக்கு வாய் வரலை."

"மாமா பாவம்க்கா. அவர் உள்ள தாங்கமாட்டார். எனக்குப் பழகிடுச்சு."

"பழகிடுச்சா?" அக்கா கம்பிவலையைப் பிடித்துக்கொண்டார். "உன்னைத் தூக்கி வளர்த்தவடா நான். என் புருஷனை எனக்குக் குடுத்துட்டு நீ சாகறதை நான் பார்த்துட்டு இருக்கணுமா? அப்பீல் போடுங்கன்னு வக்கீலம்மாவுக்கு எழுதிக் குடு."

தம்பி வலையில் நெற்றியை முட்டிக்கொண்டு விம்மினான். "வெளிய வந்தா உன் முகத்துல எப்படிக்கா முழிப்பேன்?"

"நீ வாடா முதல்ல. அழறதை ரெண்டு பேரும் சேர்ந்து அழுவோம்."

காவலர் கொண்டுவந்த பேனாவை அவன் வாங்கிக்கொண்டான். அவன் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை, அக்கா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்.