மேல் முனையில் வைத்த பொட்டு

ஆயுத பூஜை அன்று மாலை ஏழு மணி. ஓசூரில் சுகுணாவின் மாடித் தையல்கடையில் ஆரி வேலை முடிந்த மூன்று கல்யாண ரவிக்கைகள் தாறுமாறாக வெட்டப்பட்டுக் கிடந்தன. மறுநாள் முகூர்த்தம்.

சப்-இன்ஸ்பெக்டர் முனிலட்சுமி வந்தபோது சுகுணா ஒரு ரவிக்கையின் வெட்டுப்பட்ட கைத்துணியைப் பொருத்திப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே எவ மேடம் என்னை நம்பித் துணி குடுப்பா?"

மாடிக்கு இரண்டு சாவிகள். ஒன்று கீழே ஆணியில். மற்றொன்று உதவியாள் பிரியதர்ஷினியிடம். அவள் அடுத்த மாதம் தனிக்கடை போடுகிறாள்.

"சுகுணா மேல பொறாமையா?" என்று அவளிடமே கேட்டாள் முனிலட்சுமி.

"இருக்குதுங்க. ஆனா அது நான் கண்ணு வலிக்க வலிக்கப் போட்ட வேலை. எனக்கு வெட்ட மனசு வருமா?"

முனிலட்சுமிக்கு அவளைப் பிடித்துப்போனது. தன்னோடு வேலைக்குச் சேர்ந்தவள் இன்ஸ்பெக்டராகிக் கிருஷ்ணகிரியில் ஜீப்பில் சுற்றுவதை நினைத்தால் இவளுக்கும் வயிறு எரியும். பொறாமையை ஒத்துக்கொள்கிறவர்கள் கத்தரியை எடுப்பதில்லை என்பது இவள் அனுபவம்.

மாலையில் வீட்டில் இருந்தது சுகுணாவின் கணவன் சிவராஜ் மட்டும். கம்பெனியில் மெஷின்களுக்கு பேனல் வயரிங் செய்தவன். பைக் விபத்துக்குப் பிறகு அவனால் படியேற முடியாது. அவனுக்காகவே சுகுணா மாடிப்படியில் தண்டவாளம் பதித்து, அதில் ஏறி இறங்கும் மோட்டார் நாற்காலி போட்டிருந்தாள். ஒருநாளும் அவன் அதில் ஏறியதில்லை.

"அதுல பேட்டரியே இல்லீங்க. யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க. டிவி சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல," என்றான்.

முனிலட்சுமி படியடியில் நின்ற நாற்காலியைத் தள்ளினாள். அசையவில்லை.

"பிரேக் புடிச்சிருக்கும் மேடம். கரண்ட் குடுக்காம நகராது," என்றான் சிவராஜ்.

அவள் சுகுணாவிடம் திரும்பினாள். "பேட்டரி இல்லன்னு எப்பத் தெரியும்?"

"அஞ்சு மணிக்குங்க. பூஜைக்குப் பொட்டு வைக்கலாம்னு நாற்காலியோட பேட்டரிப் பெட்டியத் தொறந்தேன், காலி. ஓடாட்டிப் போகுதுன்னு தண்டவாளத்தோட மேல் முனையில சந்தனம் குங்குமம் வெச்சுட்டு மலைக்கோயிலுக்குப் போயிட்டேன்."

முனிலட்சுமி படியேறிப் பார்த்தாள். பொட்டு பொட்டாக இல்லை. தண்டவாளத்தில் ஒரு சாண் நீளத்துக்குச் சிவப்பாக இழுபட்டிருந்தது.

இறங்கி வந்து பூஜை அலமாரியைப் பார்த்தாள். சிவராஜின் கட்டிங் பிளேயர், மீட்டர், டெஸ்டர் எல்லாவற்றிலும் குங்குமம் வைத்தபடி இருந்தது. பக்கத்தில் இருந்த இரும்புப் பெட்டியில் மட்டும் ஒயர் மாட்டும் திருகுகளின் மேல் குங்குமம் தேய்ந்து போயிருந்தது.

"இது என்ன சிவராஜ்?"

"மெஷினுக்குப் போடற சப்ளைங்க. வீட்டுக் கரண்டை இருபத்து நாலு வோல்ட்டா மாத்தும்."

"நாற்காலி மோட்டாருக்கும் இருபத்து நாலுதானே?"

அவன் டிவி பக்கம் திரும்பிக்கொண்டான்.

"பேட்டரி போனதுக்கு அப்புறம் வெச்ச பொட்டு அது. அதுக்கு மேல நாற்காலி ஏறியிருக்கு. பேட்டரிய நீங்களே கழட்டி ஒளிச்சிட்டீங்க. பெட்டிய மடியில வெச்சு, நீள ஒயரை இழுத்து, அப்படியே மோட்டாருக்குக் குடுத்தீங்க. பிரியாவா இருந்தா நடந்து போயிருப்பா. நாற்காலி வேணுங்கறவர் இங்க ஒருத்தர்தான்."

"எல்லாரும் சுகுணா வீடு எதுன்னுதான் கேக்கறாங்க," என்றான் சிவராஜ். "கதவைத் தொறந்து விடறவன்தான் நானு."

சுகுணா அவனையே பார்த்தாள்.

"மேல வந்து என் பக்கத்துல உக்காருங்கன்னு தினம் கூப்பிட்டேன். ஒருநாளும் வரல. மொத தடவை வந்தது இதுக்கா?"

மேல்படியில் நின்ற பிரியதர்ஷினி ஊசியில் நூல் கோத்தபடி, "வாக்கா, விடியறதுக்குள்ள மறுபடி தெச்சு முடிச்சிரலாம்," என்றாள். சுகுணா ஆணியில் இருந்த சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, நாற்காலியைத் தாண்டிப் படியேறினாள்.