ஏழு மணிக்குள் ஒரு வெடி!

விர்ர்... விர்ர்...

காளையின் சட்டைப் பையில் செல்போன் துடித்தது.

வலது கையில் நாட்டுத் துப்பாக்கி. இடது கையால் எடுத்தான்.

"முடிச்சிட்டியா?"

"இன்னும் இல்லண்ணே. வெடிச் சத்தம் வரட்டும்!"

துப்பாக்கியின் குழாய் மீனாவின் முதுகில் அழுந்திக்கொண்டிருந்தது. போனில் கசிந்த குரல் அவள் காதிலும் விழுந்தது.

ஏழு வருஷம் குடும்பம் நடத்திய குரல்!

செல்வக்குமார். அவள் புருஷன்!

மேலூருக்குப் பக்கத்தில் நாரையேந்தல் பறவைகள் சரணாலயம். கண்மாய்க் கரையில் கண்காணிப்புக் கோபுரம். அதன் உச்சியில் இருவரும். தீபாவளி காலை, மணி ஆறு இருபது.

லீவு கிடைத்தால் முதுமலை, களக்காடு, வேடந்தாங்கல் என்று கிளம்பிவிடுவாள் மீனா. தீபாவளி என்றால் மட்டும் இந்த ஊர்தான். தனியாக வருவாள். அது செல்வக்குமாருக்கு நல்லாவே தெரியும்.

"கத்துனேன்னா இப்பவே போட்ருவேன்."

"கத்தல... நான் என்ன பாவம் பண்ணேன்ணே?"

"அண்ணேங்காத. டைவர்ஸ் நோட்டீஸ் விட்டியாம்ல? பசுமலை வீட்டையும் எழுதித் தர மாட்டேன்னுட்டியாம்."

"அது எங்கப்பா கட்டுன வீடு!"

"அதெல்லாம் எனக்கெதுக்கு? ஆறுலேருந்து ஏழு வரைக்கும் வெடிக்க விட்ருக்காக. ஊரே வெடிக்கையில நானும் ஒண்ணு வெடிக்கேன். எவனுக்குத் தெரியும்?"

மீனாவுக்கு ஒன்று தெரியும்.

இந்த ஊரில் வெடி கிடையாது!

பறவை பயந்துவிடும் என்று அறுபது வருஷமாக யாருமே ஒரு பொட்டு வெடி கூட வெடித்ததில்லை. பாவம், காளைக்கு அது தெரியாது.

தெரிந்தால்? அடுத்த நிமிஷமே காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போவான். தண்ணீர் நிற்கும் கல்குவாரிக் குழிக்கா மேலூர்ப் பக்கம் பஞ்சம்?

அவன் காத்திருக்கும் வரைதான் அவள் உயிர். கடவுளே, அவனுக்குத் தெரியவே கூடாது!

"ஏத்தா மீனா!"

கீழேயிருந்து குரல். சரணாலயத்துக்குக் காவல் இருக்கும் ஒச்சம்மாள்!

காளை தரையோடு தரையாகப் படுத்தான். குழாய் இப்போது மீனாவின் இடுப்பைப் பார்த்தது.

"அதிரசம் கொண்டாந்திருக்கேன். மேல வரவா?"

"வே... வேணாங்க்கா!"

"ஏன் மொகம் வெளுத்துக் கெடக்கு? மதுரையில இந்நேரம் வெடி காதைக் கிழிக்குமே! நம்ம ஊர்லதான்..."

ஐயோ!

"அக்கா! தொணதொணன்னு பேசாம போறீகளா? கொஞ்சம் நிம்மதியா விடுங்க!"

ஒச்சம்மாளின் முகம் செத்துப்போனது. தட்டைப் படியில் வைத்தாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

காப்பாற்றக்கூடிய ஒரே ஆளையும் தன் வாயாலேயே விரட்டியாகிவிட்டது. மீனாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அந்தம்மா என்ன சொல்ல வந்துச்சு? நம்ம ஊர்லதான்...?"

"நம்ம ஊர்லதான்... லேட்டா வெடிப்பாங்கன்னு."

நம்பினான்!

ஆறு நாற்பத்தைந்து. மறுபடியும் விர்ர்...

"டேய், என்னடா பண்ற?"

"ஒருத்தனும் வெடிக்க மாட்டேங்குறான்ணே! எம்புட்டு நேரந்தான் காத்திருக்க?"

"கஞ்சப் பயலுக ஊரா இருக்கும்! மேலூர் ரோட்டுலதான் நிக்கேன், நானே வாரேன். கார்ல வெடி கெடக்கு. மொதல்ல ஒரு அணுகுண்டு. அது சிக்னல். அடுத்து ஆயிரம் வாலா. அந்தச் சத்தத்துல போட்டுத் தள்ளிரு. லைன்லயே இரு!"

அவ்வளவுதான். எல்லாம் முடிந்தது.

அக்கரையில் புதுச் சட்டை போட்ட பிள்ளைகள் ஓடுவது தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரம். கூப்பிடத்தான் முடியாது. தெரு முனையில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது.

மீனா கண்களை இறுக்கி மூடினாள்.

டமார்!

கண்மாயே எழுந்து பறந்தது. ஆயிரக்கணக்கில் நாரைகள்! கோபுரத்தைச் சுற்றியிருந்த மரங்களிலிருந்து குஞ்சுகள் பொத் பொத்தென்று விழுந்தன.

காளையின் விரல் விசையில் மடங்கியது. ஆயிரம் வாலாவுக்காகக் காத்திருந்தான்.

பத்து விநாடி...

இருபது...

"எவன்டா அவன்ன்ன்!"

போனிலிருந்துதான் அந்தச் சத்தம்! தொடர்ந்து, "ஐயோ! விடுங்கய்யா! ஒத்த வெடிதான்யா! ஆத்தாடி!"

"அண்ணே? அண்ணே! ஆயிரம் வாலா எங்கண்ணே?"

பதிலுக்குச் சாத்து விழும் சத்தம்தான் வந்தது.

அதற்குள் கோபுரத்தடியில் திமுதிமுவென்று கூட்டம். விழுந்த குஞ்சுகளைப் பொறுக்க ஊரே ஓடி வந்திருந்தது. முன்னால் ஒச்சம்மாள்!

"அக்கா! மேல துப்பாக்கியோட ஆள் இருக்கான்!" உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அலறினாள் மீனா.

ஐம்பது முகங்கள் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன.

காளை கணக்குப் போட்டுப் பார்த்தான். கீழே ஐம்பது பேர். உள்ளே ஒரே தோட்டா.

துப்பாக்கியைப் பூப்போலக் கீழே வைத்தான்.

"ஏம்மா... இந்த ஊர்ல வெடியே வெடிக்க மாட்டாகளா?"

"அறுபது வருஷமா வெடிக்கிறதில்ல. ஏழு வருஷமா அந்த ஆள்ட்ட இதத்தான் சொன்னேன். ஒரு நாளாவது போன்லேருந்து தலையத் தூக்கிக் கேட்டிருக்கணும்!"

மேலூரிலிருந்து எஸ்.ஐ. பாண்டிராஜ் வந்தபோது மணி எட்டு. காளை அவரிடம் மட்டும் எல்லாவற்றையும் கக்கிவிட்டான். மீனா ஒச்சம்மாளின் தோளில் சாய்ந்து விம்மிக்கொண்டிருந்தாள். ஜீப்பில் கிடந்த செல்வக்குமாரின் முகத்தில் மூக்கு எது, உதடு எது என்று எஸ்.ஐ. தேட வேண்டியிருந்தது.

"கொலை பண்ண வந்தவன்னா போலீஸ்ல ஒப்படைக்கணும். இம்புட்டு அடியா அடிப்பீங்க?"

ஒச்சம்மாள் திகைத்துப் போய் நிமிர்ந்தாள்.

"கொலை பண்ணவும் வந்தானா? நாங்க வெடிக்கு மட்டும்தான் சார் அடிச்சோம்!"