அவள் கால் படாத அறை

அறைக்குள் ஈரத் தலைமயிரின் மணம் இருந்தது. பாலேஸ்வரி அன்று முழுகவில்லை.

சாவகச்சேரிச் சந்தைக்குப் பின்னால், கடை மாடியில் ஒற்றை அறை. மீன்காரரின் கூவலும், மண்ணெண்ணெயில் ஓடும் பஸ்களின் புகையும், வெங்காய மூட்டைகளின் காரமும் விடிந்தது முதல் பொழுதுபடும்வரை யன்னல் வழியே ஏறி வந்துகொண்டேயிருந்தன. பண்டத்தரிப்பில் கல்வீடு இருக்க, இந்தப் பொந்துக்குள் வாடகைக்குப் போவதா என்று சனம் சிரித்தது. சிரிக்கட்டும். அந்தக் கல்வீட்டின் ஒவ்வொரு கதவிலும் குணலட்சுமியின் கை பட்டிருந்தது. புருசன் கனகலிங்கத்தின் முதல் மனைவி. செத்து வருசம் திரும்பியும், அவன் நித்திரையில் அவளைத்தான் கூப்பிட்டான். அவள் கால் படாத ஓர் அறையாவது வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று பாலேஸ்வரி பிடித்த இடம் இது. செத்தவள்மேல் பொறாமைப்படுவது வெட்கக்கேடுதான். ஆனாலும் வயிறு எரிந்தது.

குடிபுகுந்த அன்று காய்ச்சிய பால் நன்றாகத்தான் பொங்கி வழிந்தது. அன்று தொடங்கியது இந்த மணம். சீயாக்காயும் தேசிக்காயும் கலந்து, கொஞ்சம் முன்புதான் யாரோ தலை துவட்டிவிட்டுப் போனதுபோல. பிறகு சீப்பில் நீள நீளமாக மயிர். தன்னுடையது தோளைத் தாண்டாது. எவளையோ கூட்டி வருகிறான் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கீழே இருந்த வீட்டுக்காரி இரத்தினம்மாவிடம் கேட்டாள். "அக்கா, நான் இல்லாத நேரம் மேலை ஆரும் பொம்பிளை வாறவையோ?"

"ஒருத்தரும் வாறேல்லைப் பிள்ளை. நீர்தானே நேற்றும் தாலாட்டுப் படிச்சுக்கொண்டு நிண்டனீர். நல்ல குரல்."

பாலேஸ்வரிக்குப் பாட வராது.

அன்று மாலை சந்தைக்கென்று இறங்கியவள், பாதி வழியில் திரும்பி, செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினாள். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். கதவைத் தள்ளினாள். ஒருத்தியும் இல்லை. கனகலிங்கம் முழந்தாளில் நின்று கட்டிலுக்குக் கீழே துழாவிக்கொண்டிருந்தான்.

"உதுக்குள்ளை இருந்த பால்மாப் பேணி எங்கை?"

"பேணிக்குள்ளை கிடந்த அந்தச் சாம்பலோ? முந்தி இருந்தவை விட்டிட்டுப் போனதாக்கும் எண்டு நினைச்சன். கடையிலை சவுக்காரம் இல்லை, அடுப்பும் அப்ப மூட்டேல்லை. பால் பானையை அதாலைதான் மினுக்கினனான்." அவன் முகம் போன போக்கைப் பார்த்து அவள் குரல் இறங்கியது. "முடியுமட்டும் அதாலைதான் எல்லாம் மினுக்கினன். கிடந்த வெள்ளைத் துண்டுகளைப் பொறுக்கி யன்னலாலை எறிஞ்சிட்டன்."

அவன் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டான்.

"கீரிமலைக் கடலிலைதான் தன்னைக் கரைக்க வேணும் எண்டு கேட்டவள். ஆமி பாதை விட்டால் கொண்டுபோவம் எண்டு ஒளிச்சு வைச்சிருந்தன்."

பால் பானை. சோற்றுப் பானை. அவள் வாய் வைத்துக் குடிக்கும் மூக்குப்பேணி. நன்றாகத்தான் கழுவினாள். கழுவினாளா? பல்லில் நறநறவென்று ஏதோ கடிபட்டது. இப்போதா? அன்றைக்கா?

வெளிச்சம் மங்கியது. சந்தை அடங்கியது. மணம் கிட்ட வந்தது. இன்னும் கிட்ட. தன் கழுத்தடியிலிருந்து.

கனகலிங்கம் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தான். கலியாணம் முடிந்த நாளிலிருந்து அவள் ஏங்கிக் கிடந்த பார்வை.

"குணம்?" என்றான்.

நான் பாலேஸ்வரி. சொல்ல வேண்டும். நான் பாலேஸ்வரி.

"ஓம்" என்றது அவளுடைய வாய். "இஞ்சைதான் இருக்கிறன்."

அவளுடைய கை தானாக எழுந்து கொண்டையை அவிழ்த்தது. மயிர் தோளில் விழுந்தது. இடுப்பைத் தாண்டியது. நிலத்தைத் தொட்டது. ஈரம். சொட்டுச் சொட்டாக.

உள்ளே எங்கோ ஒடுங்கிக் கிடந்து பாலேஸ்வரி பார்த்தாள். அவளுடைய புருசன் வேறொருத்தியைப் பார்த்துச் சிரித்தான். பிறகு, இரண்டு கையாலும் அந்த மயிரை அள்ளி, மெல்ல மெல்லத் துவட்டத் தொடங்கினான்.